பரபாஸுக்கு முதல் கிண்ணம்

மார்ச் 5, சாம்பல் புதன்

இந்த டைரியை ஏதோ ஓர் உரக் கம்பெனி இனாமாகக் கொடுத்திருக்கிறது. கொண்டுவந்து நீட்டியவள் என் தங்கை மகள் ஜெனிட்டா.

"மாமா, இனி பொய்யெல்லாம் இதுல எழுதுங்க. எங்க காது கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்."

பொய்யாம்! உண்மை பிறக்கும்போது நோஞ்சானாகப் பிறக்கிறது. அதற்குக் கொஞ்சம் பாலும் பழமும் கொடுத்து வளர்த்துவிடுகிறேன், அவ்வளவுதான். வெண்சங்குத்துறையின் முடிசூடா மன்னனும், சுறாக்களின் சிம்ம சொப்பனமும், ரொசாரியின் ஒரே அண்ணனும், கல்யாணமே தன்னைக் கண்டு பயந்து ஓடிப்போன பிரம்மச்சாரியுமாகிய கயித்தான் என்னும் நான் இன்று முதல் சரித்திரம் எழுதுகிறேன். வருங்காலம் நன்றி சொல்லட்டும்.

காலையில் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசினார் பாதிரியார், எங்கள் சாமி. மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்றார். எங்கள் ஊரில் பாதிப் பேர் தண்ணீருக்கல்லவா திரும்புகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் ரொசாரி நின்றாள். மூடிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சந்தியாகு அண்ணாவி வீட்டுக்கு வந்தார். பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் நடக்கும் இயேசுவின் பாடுகளின் நாடகத்துக்கு நாற்பது வருடமாக அவர்தான் வாத்தியார். அவர் இருமினால் பிலாத்து கூட எழுந்து நிற்பான்.

"கயித்தான், இந்த வருசமும் நீருதான் பரபாஸ்."

டீ டம்ளரைக் கீழே வைக்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டது. ஃபேன் காற்று.

வருங்காலத்துக்காக இதை விளக்க வேண்டும். பரபாஸ் என்பவன் கொலைகாரன், கலகக்காரன். ரோமை ஆளுநன் பிலாத்து முற்றத்துக்கு வந்து, இவனை விடவா இயேசுவை விடவா என்று கேட்பான். ஊரே இவனை விடு என்று கத்தும். சங்கிலி கழன்றதும் பரபாஸ் ஓட வேண்டும். எங்கள் ஊர் வழக்கத்தில் அந்த ஓட்டம்தான் நாடகத்தின் ஒரே சிரிப்பு. நெற்றியில் எண்ணெயும் கரியும் வழிய, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, கிழவிகளைப் பயமுறுத்திக்கொண்டு, வடக்கு வாசலில் கொதிக்கும் கஞ்சி அண்டாவுக்கு ஓட வேண்டும். அன்று ஊர் முழுவதும் பட்டினி. முதல் கிண்ணம் பரபாஸுக்கு. அவன் குடித்த பிறகுதான், சிலுவையில் எல்லாம் முடிந்ததும், மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவன் அப்படியே வடக்கு வாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும். பரபாஸ் சிலுவையைப் பார்த்தால் அந்த வருடம் வலையில் மீன்பாடு இருக்காதாம்.

இத்தனை வருடம் நடித்தும் நான் சிலுவையில் அறைவதைப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் நான் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பயறுத் துவையல் கேட்டு அதிகாரம் செய்துகொண்டிருப்பேன்.

"இயேசு யாரு?" என்று கேட்டேன்.

அண்ணாவி தொண்டையைச் செருமினார். "ரெக்ஸன். ஜிம்முக்குப் போற பயல்."

இத்தனை வருடமும் இயேசுவாக நின்றது என் தங்கை புருசன் நேவிஸ்.

மார்ச் 11, செவ்வாய்

மீன் இல்லை. காற்று இல்லை. மத்தியானம் நானும் இல்லை போலிருந்தது.

மார்ச் 14, வெள்ளி

நான் ஏன் கடலுக்குப் போவதில்லை என்று ஊரார் கேட்கிறார்கள். என் அளவுக்கு இந்தக் கடல் சிறியதாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். குளியல் தொட்டியில் யானை இறங்குமா?

சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து திரும்பும் வழியில் ரொசாரி கூடவே நடந்தாள். போன ஐப்பசியில் நானும் நேவிஸும் போன வள்ளம் மறிந்து கவிழ்ந்தது. என்னை மறுநாள் தூக்கிவந்தார்கள். நேவிஸ் வரவில்லை, உடலும் வரவில்லை. அன்று என்ன நடந்தது என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லத் தவறியதில்லை. ஒரு தடவை திமிங்கிலம் வந்தது. ஒரு தடவை சிலோன் கப்பல் ஒன்று விளக்கைக் காட்டிக்கொண்டு அவரைக் கூட்டிப்போனது. ஒரு தடவை எனக்கு நினைவே இல்லை.

இன்று அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, ராத்திரி ஜெபம் சொல்ல உக்காருதேன். அவிய வந்து சேரட்டும்னு சொல்லணுமா, இளைப்பாறட்டும்னு சொல்லணுமா? ரெண்டையும் ஒரே வாயால சொல்ல முடியலண்ணே. பார்த்தவன் நீ ஒருத்தன்தான்."

"யாழ்ப்பாணத்துல ஒரு முகாம்ல, தாடியெல்லாம் வளந்து..." என்று ஆரம்பித்தேன்.

"போதும்" என்றாள். செருப்பைத் தேய்த்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டாள்.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். வெயிலில் அசந்து தூங்கிவிட்டேன்.

கடலுக்கடியில் ஒரு கோயில். தூண்களில் பாசி. பீடத்தில் மெழுகுவர்த்திகள் எரிகின்றன, சுடர்கள் மேலே போகாமல் பக்கவாட்டில், நீரோட்டத்தோடு சாய்ந்து எரிகின்றன. இறால்கள் முழந்தாளிட்டிருக்கின்றன. நேவிஸ் மாப்ள மணியடிக்கிறார். சத்தம் வரவில்லை, ஒவ்வோர் அடிக்கும் ஒரு குமிழி வருகிறது. குமிழி மேலே போய் வெடித்தால் அங்கே ஊரில் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகக் கேட்கிறது. என் பெயரை மட்டும் அவர் உள்ளங்கையில் மூடிக்கொண்டார், மேலே விடவில்லை.

"மாப்ள, அத விடும்" என்றேன். வாயில் தண்ணீர் புகுந்துவிட்டது.

எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. எச்சில்.

மார்ச் 23, ஞாயிறு

முதல் ஒத்திகை. பரபாஸின் உடை எனக்குக் கோணிச் சாக்கு போலத் தொங்கியது. தையற்காரனைத் திட்டினேன், அவன் அதைத் தொடவே இல்லையாம். சங்கிலியைப் பூட்டினார்கள். கையைத் தொங்கப்போட்டதும் அது தானாகக் கழன்று காலில் விழுந்தது. பிலாத்து சிரித்துவிட்டான்.

"ஓய், பிலாத்து விடுறதுக்கு முன்னாடியே நீரு விடுதலை ஆயிட்டீரே!" என்றார் அண்ணாவி. "சாப்பிடுதீரா இல்லையா?"

"ஒரு வேளைக்கு ஒரு ஆடு" என்றேன். ஊர் சிரித்தது. கஞ்சி அண்டா பக்கம் நின்ற ரொசாரி சிரிக்கவில்லை.

இடைவேளையில் ரெக்ஸன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தோள் இரண்டும் பனங்காய். பாவம், உள்ளே சின்னப் பயல்.

"மாமா, ஒரு சந்தேகம். பிலாத்து விட்டுறலாம்னுதான் பாக்கான். இயேசு ஒரு வார்த்த பேசியிருந்தா தப்பிச்சிருக்கலாம்லா? ஏன் ஒண்ணும் பேசாம நிக்காரு? நேவிஸ் மாமா எப்படி நிப்பாரு? எனக்கு மூஞ்சிய எப்படி வைக்கணும்னே தெரியல."

நேவிஸ் எப்படி நிற்பார்? பிலாத்துவைப் பார்க்க மாட்டார், கூட்டத்தைப் பார்க்க மாட்டார். சங்கிலியோடு நிற்கிற என்னைப் பார்ப்பார். ஒருபக்கமாகச் சிரிப்பார், என்ன மச்சான் கஞ்சி ரெடியா என்கிற மாதிரி. அவர் பேசினால் அங்கே மாட்டுகிறவன் நான்தானே. அது எனக்கு இப்போதுதான்...

ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். ரெக்ஸனிடம், "வயித்துவலி வந்தவன் மாதிரி நில்லுல" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஜெனிட்டா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"மாமா, உங்கள எடுத்த ஆட்கள் சொன்னாவ. டீசல் கேன்ல உங்களக் கட்டியிருந்த கயித்த அறுத்துத்தான் எடுக்க முடிஞ்சுதாம். முடிச்சு முதுகுப்பக்கம் இருந்துச்சாம்."

"ஆமா."

"தனக்குத்தானே முதுகுல ஒருத்தர் முடிச்சு போட முடியுமா மாமா?"

"நான் சர்க்கஸ்ல இருந்தவம்லா. கைய இப்படி வளச்சு..."

காட்டப்போனேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஜெனிட்டா வந்து நீவிவிட்டாள்.

"அம்மைக்கும் தெரியும்" என்றாள், நீவிக்கொண்டே.

கருவாட்டு நெடியில் கண் எரிந்தது. இந்தத் தடவை மீனில் உப்பு கூடுதல்.

ஏப்ரல் 2, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. கடல் நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் அதற்குக் காவல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றைய பிரசங்கத்தில் சாமி, "அவர் எல்லாருக்காகவும் மரித்தார்" என்றார். ஜனங்கள் விசிறிக்கொண்டார்கள். எல்லாருக்கும் என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. தெரு முழுக்க வைக்கிற கல்யாணப் பத்திரிகை மாதிரி. போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி.

ஆனால் பரபாஸ்? அவனுக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. பெயர் சொல்லி, ஆள் காட்டி, இவனுக்குப் பதில் அவர் என்று ஊர் நடுவில் தீர்ப்பாயிற்று. உலகத்தில் இத்தனை கோடி கிறிஸ்தவர்களில், அவர் என் இடத்தில் நின்றார் என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். அந்த மரம் அவனுக்கென்று செதுக்கியது.

பூசை முடிந்து அண்ணாவியைப் பிடித்தேன். "பரபாஸுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"எப்பம்?"

"விடுதலை ஆன பிறகு. அன்னைக்குச் சாயங்காலம். மறுநாள். எப்படித் தூங்குனான்? எப்படிச் சாப்பிட்டான்?"

அண்ணாவி தலையைச் சொறிந்தார். "எழுதலையே ஓய். அவனுக்கு வசனமே கிடையாதுல்லா. ஓடுறது மட்டும்தான்."

"நல்லவனா இருந்து விடுதலை ஆயிருந்தா பரவாயில்ல. ஒண்ணுக்கும் உதவாத பயல்."

"அதுனாலதானே ஓய் அது பெரிய காரியம்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை துப்பப் போய்விட்டார்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பனங்குருத்து பிடித்துப் பவனி போனோம். என் குருத்து மட்டும் வானத்தை இடித்ததாகப் பின்னால் வந்தவர்கள் சாட்சி சொல்வார்கள்.

ரொசாரி வந்து என் கையிலிருந்த குருத்தை வாங்கிச் சிலுவையாகப் பின்னினாள். பின்னிக்கொண்டே சொன்னாள்: "உயிர்ப்பு ஞாயித்துக்கு மறுநாள் அவியளுக்குப் பூசை வைக்கச் சொல்லப்போறேன். என்ன கருத்து, எதுக்காக வைக்கன்னு சாமி கேப்பாவ. காணாமப் போனவருக்குன்னு இந்த ஆறு மாசமும் சொல்லியாச்சு. இனி நாக்கு வரல. சனிக்கெழமக்குள்ள நீ எனக்குச் சொல்லணும். திமிங்கிலம் வேண்டாம், கப்பல் வேண்டாம். எது நடந்துச்சோ அது."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா நான் உயிரோட இருக்கவரைக்கும் வாசக்கதவப் பூட்டாமத் தூங்கணும், அவ்வளவுதான்."

குருத்துச் சிலுவையை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனாள்.

சொன்னால் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நூறு சுறாவை நேருக்கு நேர் பார்த்தவன் நான். அந்த ஒரு கேள்வியைப் பார்க்க முடியாது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாமி பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார். நான் காலைக் கொடுக்கவில்லை. என் காலைக் கழுவினால் யோர்தான் நதி வற்றிவிடும்.

சொல்லிப் பார்க்கிறேன். எழுதிப் பார்த்தால் வாய்க்கு வரலாம்.

மத்தியானம் காற்று திரும்பியது. வள்ளம் மறிந்தது. எஞ்சின் போயிற்று. காலி டீசல் கேன் ஒன்று மிதந்தது. ஆள் இரண்டு. கேன்

பேனாவில் மை தீர்ந்துவிட்டது. நாளை வேறு பேனா வாங்க வேண்டும்.

(இதே பேனாதான். இன்னும் எழுதுகிறது. ஜெனிட்டா படித்தால் படிக்கட்டும்.)

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்றைய வெயில் சாதாரண வெயில் இல்லை. உருக்கி ஊற்றிய வெயில். கோயில், பனை, ஜனங்கள் எல்லாம் நீருக்குள் இருப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தன. மணல்மேட்டில் சிலுவைக்குக் குழி தோண்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் கடல்.

பிலாத்து கேட்டான். ஊர் கத்தியது. "பரபாஸ்! பரபாஸ்!" என் பெயரை இவ்வளவு ஆசையாக இந்த ஊர் வேறெப்போதும் கூப்பிட்டதில்லை. சேவகன் சங்கிலியைக் கழற்றினான். இந்தத் தடவை துணி சுற்றி இறுக்கியிருந்ததால் கழற்றவே வேண்டியிருந்தது. ரெக்ஸன் என்னைப் பார்த்தான். வயிற்றுவலிக்காரன் மாதிரித்தான் நின்றான். ஆனால் என்னைத்தான் பார்த்தான்.

நான் ஓடவில்லை.

ஓடக்கூடாது என்று நான் முடிவு செய்தேன் என்று வருங்காலம் நினைத்துக்கொண்டால் நல்லது. கால் வரவில்லை, அதுதான் உண்மை.

"ஓடும் ஓய்!" அண்ணாவி திரைக்குப் பின்னாலிருந்து சீறினார்.

"மாமா ஓடுங்க! கஞ்சி ஆறுது!" பிள்ளைகள் கூவினார்கள். சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அங்கங்கே அணைந்தது.

சிலுவையைத் தூக்கி ரெக்ஸன் தோளில் வைத்தார்கள். அவன் நடந்தான். நான் அவன் பின்னால் நடந்தேன். யாரோ என் கையைப் பிடித்து வடக்கு வாசல் பக்கம் இழுத்தார்கள். "யோவ், மீன்பாடு கெட்டுப்போகும்யா!" நான் கையை விடுவித்துக்கொண்டேன். அண்ணாவி வாயைத் திறந்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, மூடிக்கொண்டார். "விடு, வரட்டும்" என்றார்.

மணல்மேட்டின் கீழே பெண்கள் கூட்டம். ரொசாரி முன்னால் நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். எண்ணெயும் கரியும் வேர்வையுமாக.

சிலுவையை நிமிர்த்தினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தேன். இதைப் பெரிதாக்க எனக்கு வார்த்தை இல்லை. கானலில் மணல்மேடு கரைந்துபோய், மரம் கடல்மேல் நேராக நிற்பதுபோலத் தெரிந்தது. அதில் ஓர் ஆள். கை விரித்தபடி. மூச்சுக்காகத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற நெஞ்சு.

"கேன் ஒண்ணுதான் ரொசாரி" என்றேன்.

அவள் திரும்பவில்லை. சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு பிடிச்சா அமுங்குது. அவரு விட்டாரு. நான் விட்டேன், என் கையப் பிடிச்சு மறுபடி அதுமேல வச்சாரு. எனக்கு நெஞ்சு அடைச்சுக் கால் மரத்துப்போச்சு. அவரு பின்னால வந்தாரு. கயித்த முதுகோட இறுக்கிக் கட்டுனாரு. எனக்கு எட்டாத எடத்துல, நான் அவுத்துறக் கூடாதுன்னு."

"ம்."

"கட்டி முடிச்சுட்டு முன்னால வந்து மூஞ்சியப் பார்த்து, 'மச்சான், இந்த வருசமும் நீருதான் பரபாஸ்'னாரு."

ரொசாரியின் கை என் கையைத் தேடியது.

"சிரிச்சாவளா?"

"சிரிச்சாரு."

"எப்படி?"

"ஒருபக்கமா."

"அப்பம் இது உண்மைதான்" என்றாள். அவள் உடம்பு முழுக்க ஒரு தடவை குலுங்கியது.

"கொஞ்ச நேரம் பக்கத்துலயே நீந்தி வந்தாரு. ஒன்னப் பத்தியும் ஜெனிட்டாவப் பத்தியும் பேசிட்டே வந்தாரு. ஜெனிட்டா நெறைய சண்ட போடுவா, நல்லா வருவான்னாரு. மழ பிடிச்சுது. அப்புறம் சத்தம் கேக்கல. ஒரு கை தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் இல்ல. நான் பார்த்தேன் ரொசாரி. அவரு வரமாட்டாரு."

மேலே ரெக்ஸன் தலையைச் சாய்த்தான்.   ஊரெல்லாம் முழந்தாளிட்டது; நாங்களும் முழந்தாளிட்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு பெரிய தூக்கத்தின் நடுவில் இருப்பதுபோல இருந்தது.

நான் பயந்த கேள்வியை அவள் கேட்கவில்லை. கடைசியில் நானே கேட்டுவிட்டேன். "என்னைய எதுக்குக் கட்டணும்? புருசன், தகப்பன், நல்ல மனுசன். நான் யாரு? கத விட்டுட்டுத் திரியுறவன்."

"அத அவியகிட்டத்தான் கேக்கணும்" என்றாள் ரொசாரி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்தது அவிய. வாங்கிக்கிட்டவன் நீ. ஆறு மாசமா இப்படிக் காஞ்சு கருவாடாப் போறதுக்கா அவிய அந்த முடிச்சப் போட்டாவ?"

கூட்டம் எழுந்து வடக்கு வாசலுக்கு நகர்ந்தது. ஆனால் அண்டாவைச் சுற்றிச் சும்மா நின்றது. யாரும் ஊற்றவில்லை. முதல் கிண்ணம் பரபாஸுக்கு, பரபாஸ் குடிக்கவில்லை. ஊர் முழுக்கப் பசியோடு என்னைப் பார்த்தது. இயேசு கூடச் சிலுவையிலிருந்து இறங்கி, துண்டைப் போர்த்திக்கொண்டு, வரிசையில் நின்றார்.

ரொசாரி என் கையைப் பிடித்துக் கூட்டத்தின் நடுவே நடத்திப் போனாள். அண்டாவில் கரண்டியை விட்டு ஒரு கிண்ணம் நிறைய ஊற்றினாள். பயறுத் துவையலை ஓரத்தில் வைத்தாள்.

"குடி."

"எறங்காது ரொசாரி."

"எறங்கும்."

"ஒனக்குக் கோவமே இல்லையா?"

"இருக்கு. நாளைக்குத் திட்டுதேன், நாளான்னைக்கும் திட்டுதேன். இப்பம் குடி. இது ஒனக்குன்னு குடுத்தது."

கிண்ணம் சுட்டது. இரண்டு கையாலும் பிடித்தேன். என் மூக்கு நுனியிலிருந்து கரி சொட்டிக் கஞ்சியில் விழுந்தது. குடித்தேன். முதல் வாய் தொண்டையில் நின்றது. நின்று, யோசித்து, இறங்கியது. இரண்டாவது வாய் யோசிக்கவில்லை. அண்ணாவி, "ஊத்துங்கலே!" என்று கத்தினார். ஊர் பட்டினி விட்டது.

ரொசாரி தனக்கு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். உதடு அசைந்தது. இளைப்பாறட்டும் என்று சொல்கிறாள் என்பது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஏப்ரல் 19, சனி

காலையில் எழுந்தபோது பசித்தது. ரொசாரி வீட்டுக்குப் போனேன். சொன்னபடியே திட்டினாள். தட்டும் வைத்தாள். பதினேழு இட்லி சாப்பிட்டேன்.

நாலு என்று ஜெனிட்டா சொல்கிறாள்.